இரண்டு கண் இருந்தால் இரண்டு ஆளா? கண் நலப் புள்ளியியலில் பிஎச்டி பற்றி ஓர் அறிமுகம்

கண் நலத்துறையில் புள்ளியியல் பிஎச்டி செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் மனதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் ஓடும். கண் டாக்டர் எக்செல் கோப்பைக் கொடுப்பார், இவர் அதை மென்பொருளில் போட்டு, முடிவு தற்செயலா என்று எடைபோட உதவும் ஒரு பி-மதிப்பு எடுத்துத் தருவார், இதற்கு எதற்கு நான்கு வருடம் என்பது ஒன்று. விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ ஏதோ செய்கிறார் போலிருக்கிறது என்பது இன்னொன்று. எம்எஸ்சி புள்ளியியல் படிப்பவர்களிடமும் இதே குழப்பம்தான். வங்கி, இன்சூரன்ஸ், டேட்டா சயின்ஸ் தாண்டி வேறு வழி இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இந்தத் துறையில் ஆய்வு இடம் அறிவித்தால், “நமக்கு உயிரியல் தெரியாதே” என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போகத் தேவையில்லை. உள்ளே இருப்பவை கணக்குக் கேள்விகள்தான். முதல் கேள்வி பார்ப்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்: எதை “ஒன்று” என்று எண்ணுவது?

தெருக்குழாயில் தண்ணீர் வந்ததா?

ஒரு தெருவில் 100 வீடுகள். காலையில் நகராட்சித் தண்ணீர் வந்ததா என்று வீட்டுக்கு இரண்டு பேரிடம் கேட்கிறீர்கள், மாமியாரிடம் ஒரு தடவை, மருமகளிடம் ஒரு தடவை. கையில் 200 பதில்கள். ஆனால் மாமியார் “வந்தது” என்றால் மருமகளும் “வந்தது” என்றுதான் சொல்லப்போகிறார். இரண்டாவது பதிலில் புதுச்செய்தி எதுவும் இல்லை. 200 தாள் நிரம்பியிருந்தாலும் உங்களிடம் இருப்பது 100 வீட்டுத் தகவல்தான்.

இப்போது அதே இருவரிடம் “உங்கள் நட்சத்திரம் என்ன?” என்று கேளுங்கள். மாமியார் ரோகிணி என்பதால் மருமகளின் நட்சத்திரம் பற்றி நமக்கு எதுவும் தெரிந்துவிடாது. இங்கே 200 பதில்களும் 200 தகவல்கள். “காலையில் காபியா, டீயா?” என்று கேட்டால் நிலைமை நடுவில் நிற்கும். ஒரே அடுப்படி என்பதால் ஓரளவு ஒத்துப்போவார்கள், முழுக்க அல்ல. 200 பதிலின் உண்மையான மதிப்பு 100-க்கும் 200-க்கும் இடையில் எங்கோ இருக்கும்.

இந்த ஒத்துப்போதலை ஓர் எண்ணாகச் சொன்னால் அதுதான் ஒட்டுறவு. சம்பந்தமே இல்லையென்றால் 0. அப்படியே நகல் என்றால் 1.

கண்ணுக்கு வருவோம்

வீட்டுக்குப் பதிலாக ஓர் ஆள். வீட்டில் இருக்கும் இருவருக்குப் பதிலாக அவருடைய இரண்டு கண்கள். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே மரபு, ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை அளவு. வலது கண்ணில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் இடது கண்ணிலும் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே 100 நோயாளிகளிடம் 200 கண்களை அளந்துவிட்டு, 200 தனித்தனி ஆட்களை அளந்ததுபோலக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

எவ்வளவு தப்பு? எளிய கணக்குதான். ஆளுக்கு இரண்டு கண் என்றால், மொத்தக் கண்களின் எண்ணிக்கையை “1 + ஒட்டுறவு” என்பதால் வகுக்க வேண்டும். ஒட்டுறவு 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200-ஐ 1.6 ஆல் வகுத்தால் 125. அதாவது உங்கள் 200 கண்களும் சேர்ந்து தரும் தகவல் 125 தனி ஆட்களின் தகவலுக்குச் சமம். மீதி 75 வெறும் எண்ணிக்கை. இப்படிக் கழித்து மிஞ்சும் 125-க்குப் பயனுறு மாதிரி அளவு என்று பெயர்.

இதைக் கவனிக்காமல் விட்டால் கிடைக்கும் சராசரியில் பெரிய மாற்றம் இருக்காது. அந்தச் சராசரி மீது நமக்கு இருக்கும் நிச்சயம்தான் ஊதிப்போகும். பிழை வரம்பை இருக்க வேண்டியதைவிடக் குறுகலாகப் போட்டுவிடுவோம். மேலே சொன்ன கணக்கில் அது இன்னும் சுமார் 26 சதவீதம் அகலமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றுமில்லாத மருந்து வேலை செய்வதாகத் தோன்றுவது இப்படித்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் இருந்த ஃபிரெட் எடரர் 1973-லேயே, நாம் எண்ண வேண்டியது கண்களையா ஆட்களையா என்று கண் மருத்துவ இதழில் கேட்டுவிட்டார். 1982-ல் பெர்னார்ட் ராஸ்னர் இதற்கென்றே ஒரு திருத்த முறையைக் கொடுத்தார். ஐம்பது வருடம் ஆகியும் கண்களைத் தனி ஆட்களாக எண்ணும் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மென்பொருள் எச்சரிக்காது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எக்செலில் 200 வரி இருந்தால் அதற்கு 200 வரிதான்.

“வலது கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததே?” என்று கேட்கலாம். தப்பு வராது, ஆனால் சிரமப்பட்டு அளந்ததில் பாதியைத் தூக்கிப் போடுகிறோம். இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, அவை ஒரே ஆளுடையவை என்பதையும் கணக்கில் சேர்க்கும் முறைதான் நல்லது. அப்படிப்பட்ட முறைகளில் ஒன்று கலப்பு மாதிரி (mixed model; இங்கே மாதிரி என்பது கணக்கு வடிவம்). ஓர் அளவீட்டில் ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு எவ்வளவு, ஒரே ஆளுக்குள் கண்ணுக்குக் கண் வரும் வேறுபாடு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரே ஆளின் இரண்டு கண்கள் ஒத்துப்போகும், ஒத்துப்போகும் அளவுக்குத் தகவல் குறையும், அந்தக் குறைவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் இல்லாத உறுதி வந்துவிடும்.

அதே ஒட்டுறவு கைகொடுக்கும் இடம்

இதுவரை வில்லனாக இருந்த ஒட்டுறவு, ஆய்வை வேறு மாதிரி அமைத்தால் நண்பனாகிவிடும். ஒரே ஆளின் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை கொடுத்து, மறு கண்ணை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்தால்? வயது, சர்க்கரை, மரபு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது சிகிச்சையின் விளைவுதான்.

அமெரிக்காவில் 1972-ல் தொடங்கிய நீரிழிவு விழித்திரை ஆய்வு இப்படித்தான் அமைக்கப்பட்டது. ஒரு கண்ணிலாவது நோய் முற்றியிருந்த 1,700-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார்கள். எந்தக் கண்ணுக்கு ஒளிக்கற்றைச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். சிகிச்சை பெற்ற கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் கீழே போனது. 1976-லேயே, விட்டுவைத்த கண்களுக்கும் சிகிச்சை கொடுக்கலாம் என்று ஆய்வின் விதியை மாற்ற வேண்டிவந்தது. இன்று நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிக்கு லேசர் வைக்கிறார்களே, அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது.

ஆள் கணக்கில் லாபம் எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு குழுவுக்கு 100 பேர் வீதம் 200 பேர் தேவைப்படும் ஆய்வு என்று வையுங்கள். ஒட்டுறவு 0.6 என்றால், கண்ணுக்குக் கண் ஒப்பிடும் முறையில் ஏறத்தாழ 40 பேர் போதும். 100-ஐ 0.4 ஆல், அதாவது “1 கழித்தல் ஒட்டுறவு” ஆல் பெருக்கினால் வரும் எண் அது.

ஆனால் எல்லா மருந்துக்கும் இது ஒத்துவராது. கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் விட்ட மருந்தில் ஒரு பகுதி கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும். மருந்து விடாத மறு கண்ணிலும் அழுத்தம் கொஞ்சம் குறைந்துவிடும். ஒப்பிடுவதற்காக வைத்த கண்ணே மாறிப்போனால், மருந்தின் பலன் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும். எந்த மருந்து எங்கே போகிறது என்று புள்ளியியலாளர் டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. உயிரியல் பட்டம் வேண்டாம் என்று சொன்னேன். கேட்கத் தெரிய வேண்டாம் என்று சொல்லவில்லை.

சில நோய்களில் இந்தத் தலைவலியே கிடையாது. வயலில் வேலை செய்யும்போது நெல் சோகையோ தூசியோ கருவிழியைக் கீறி, அதில் பூஞ்சை பிடித்துப் புண்ணாவது பெரும்பாலும் ஒரு கண்ணில்தான். இந்தப் புண்ணுக்கு நேட்டாமைசின் நல்லதா, வோரிகொனசோல் நல்லதா என்று அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிராக்டர் நிறுவனமும் சேர்ந்து தென்னிந்தியாவில் ஒரு பெரிய சோதனை நடத்தின. 323 நோயாளிகள் சேர்ந்திருந்த நிலையில், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே சேர்க்கை நிறுத்தப்பட்டது. நேட்டாமைசின்தான் மேல் என்ற முடிவு 2013-ல் வெளிவந்தது. நடுவழியில் எட்டிப்பார்த்து “போதும், நிறுத்துங்கள்” என்று எப்போது சொல்லலாம்? அவசரப்பட்டால் தற்செயலை உண்மை என்று நம்பிவிடுவோம், தாமதித்தால் பார்வை போகும். அந்த எல்லைக்கோட்டை முன்கூட்டியே வரைந்து வைப்பது புள்ளியியலாளரின் வேலை. இதன் மேல் மட்டுமே முனைவர் பட்டங்கள் எழுதப்படுகின்றன.

எந்தக் கண்ணைக் கேட்பது

இன்னொரு விஷயம். ஓர் ஆளுக்குப் பார்வை இருக்கிறதா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? ஒருவர் பஸ் நம்பரைப் படித்து ஏற முடியுமா என்பது அவருடைய நல்ல கண்ணைப் பொறுத்தது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பார்வையின்மையை நல்ல கண்ணை வைத்து வரையறுக்கிறது: அந்தக் கண்ணில் 3/60-க்கும் கீழே. சாதாரணக் கண் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டருக்கு வந்தாலும் காண முடியாத நிலை. இந்தியாவில் முன்பு இந்த எல்லை 6/60. 2017-ல் அதை 3/60 ஆக மாற்றினார்கள். ஒருவருக்கும் அறுவை சிகிச்சை நடக்காமலே, காகிதத்தில் மட்டும் ஒரு கூட்டம் “பார்வையற்றோர்” பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. பழைய கணக்கெடுப்பையும் புதிய கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்து “இவ்வளவு குறைந்துவிட்டது” என்று பேசுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

கிளாக்கோமா: நோயா, அளவீட்டின் ஆட்டமா?

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு மெதுவாகச் சேதமாவதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலி இருக்காது, ஓரத்துப் பார்வையிலிருந்து தேயத் தொடங்கும். போன பார்வை திரும்பாது என்பதால், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கண்டுபிடிப்பதே முக்கியம்.

இதற்குப் பார்வைப் புலச் சோதனை செய்வார்கள். ஒரு கண்ணை மூடி, கிண்ணம் மாதிரியான கருவிக்குள் தாடையை வைத்து, நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். அங்கங்கே மங்கலாக ஒளிப்புள்ளி தோன்றும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 54 இடங்களைச் சோதிப்பார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். தெரிந்ததா, தெரிந்ததுபோல இருந்ததா என்று குழப்பம் வரும். முதல் தடவையைவிட இரண்டாவது தடவை நன்றாகச் செய்வார்கள், பழகிவிடுவதால். தூக்கமில்லாத நாளில் மோசமாகச் செய்வார்கள். ஆக, எண் இறங்கியிருந்தால் நோய் கூடிவிட்டதா, அன்றைக்கு ஆள் களைத்திருந்தாரா?

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், இந்தத் துறையின் ருசி தெரியும். ஒவ்வொரு சோதனையிலும் மேலும் கீழுமாக 1 டெசிபெல் ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள் (டெசிபெல் என்பது இந்தக் கருவி பார்வைத்திறனைச் சொல்லும் அலகு). இரண்டு வருடத்தில் ஆறு சோதனை செய்ய நேரம் இருக்கிறது. ஆறையும் சம இடைவெளியில் வைத்தால், வருடாந்திரத் தேய்மானத்தை நாம் மதிப்பிடுவதில் சுமார் 0.60 டெசிபெல் பிழை இருக்கும். மூன்றை ஆரம்பத்திலும் மூன்றைக் கடைசியிலும் வைத்தால் அது 0.41 ஆகிவிடும். அதே ஆறு சோதனை, அதே கருவி, கூடுதல் செலவு இல்லை. தேதியை மாற்றியதால் மட்டும் கிடைத்த லாபம். நேர்கோட்டின் சாய்வைத் தீர்மானிப்பவை அதன் இரண்டு முனைகளே என்ற பள்ளிக்கூட உண்மைதான் இதற்குக் காரணம்.

பிரிட்டனில் நடந்த கிளாக்கோமா சிகிச்சை ஆய்வு இந்த யுக்தியைப் பயன்படுத்தியது. 10 மருத்துவமனைகள், 516 நோயாளிகள், 24 மாதங்கள். பார்வைப் புலச் சோதனைகளைச் சீராகப் பரப்பாமல், தொடக்கத்திலும் பின்பகுதியிலும் கொத்துக் கொத்தாக வைத்தார்கள். 2015-ல் வந்த முடிவின்படி, லாடனோபிராஸ்ட் சொட்டு விட்டவர்களில் 15.2 சதவீதம் பேருக்குப் பார்வைப் புலம் மோசமானது, வெற்றுச் சொட்டு விட்டவர்களில் 25.6 சதவீதம். கிளாக்கோமா ஆய்வுகள் அதற்கு முன் இன்னும் நீண்ட வருடங்கள் எடுத்துக்கொள்ளும். இதை இரண்டே வருடத்தில் பார்க்க முடிந்ததற்கு மருந்து மட்டும் காரணமல்ல, சோதனை அட்டவணை போட்டவர்களுக்கும் பங்கு உண்டு.

சரி, இந்த அட்டவணையை எல்லா நோயாளிக்கும் வைத்துவிடலாமா என்றால், கூடாது. வேகமாகப் பார்வை இழப்பவரை நடுவில் பிடிக்க முடியாமல் போகும். ஆய்வுக்கு நல்ல அட்டவணை வேறு, மருத்துவமனைக்கு நல்ல அட்டவணை வேறு. அப்புறம், நடுவில் வராமல் நின்றுவிடும் நோயாளிகளின் சிக்கல் இருக்கிறது. பார்வை மோசமானதால் பயணம் செய்ய முடியாமல் நின்றவரும் இருப்பார், “நன்றாகத்தானே இருக்கிறது” என்று நின்றவரும் இருப்பார். வந்தவர்களின் எண்ணை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் அது யாருடைய சராசரி? பார்வை தேயும் வேகத்தையும் வராமல் நிற்கும் வாய்ப்பையும் ஒன்றாக வைத்து மதிப்பிடும் கூட்டு மாதிரிகள் இதற்காக உருவானவை. இன்றைய முனைவர் பட்டத் தலைப்புகளில் இது அடிக்கடி கண்ணில் படும்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: ஒரே கண்ணைப் பலமுறை அளக்கும்போது நோயின் மாற்றமும் அளவீட்டின் ஆட்டமும் கலந்தே வரும். எப்போது அளப்பது, எத்தனை முறை அளப்பது, அளக்க வராதவரை என்ன செய்வது என்பதுதான் ஆய்வு.

ஊர் முழுக்க, கிராமம் கிராமமாக

மீதி இரண்டு ஆய்வு வகைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒன்று, நோய் இருக்கிறதா என்று ஊர் முழுக்கச் சலித்துப் பார்ப்பது. 1,000 சர்க்கரை நோயாளிகளில் 50 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருக்கிறது என்று வையுங்கள். 90 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவி அதில் 45 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 950 பேரில் 95 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆக, “உங்களுக்கு இருக்கிறது” என்று சொல்லப்பட்ட 140 பேரில் உண்மையில் நோய் உள்ளவர் மூன்றில் ஒருவர்கூட இல்லை. ஏஐ கருவிகள் பற்றிய செய்திகளில் 90 மட்டும் வரும், இந்த 45-க்கு 140 வராது. லிவர்பூலில் இதே துறையில் வேறொரு கேள்வியை எடுத்தார்கள்: எல்லோரும் வருடா வருடம் சோதனைக்கு வர வேண்டுமா? ஒவ்வொருவரின் ஆபத்தையும் தனியாகக் கணித்து 6, 12 அல்லது 24 மாதம் என்று இடைவெளி கொடுத்து, 4,500-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தார்கள். 2021-ல் வெளிவந்த முடிவு: பாதுகாப்பு குறையவில்லை, சோதனை வருகைகள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தன.

இன்னொன்று, மருந்தை ஆளுக்கு அல்லாமல் ஊருக்கே கொடுப்பது. டிரக்கோமா என்ற தொற்றுக் கண் நோய் வீட்டுக்கு வீடு பரவும், எனவே ஒரு கிராமத்தையே ஓர் அலகாக வைத்துக் குலுக்கல் போடுவார்கள். அந்த நோய்க்குக் கொடுத்த அசித்ரோமைசின் குழந்தைகளின் உயிரையும் காப்பாற்றுகிறதோ என்ற சந்தேகத்தை, நைஜர், மலாவி, தான்சானியா நாடுகளில் 1,500 அளவிலான ஊர்களை வைத்துச் சோதித்தார்கள். 2018-ல் வெளிவந்த முடிவில் குழந்தை இறப்பு 13.5 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே “ஒன்று” என்பது கண்ணும் இல்லை, ஆளும் இல்லை, ஊர்.

அந்த மூன்று நான்கு வருடத்தில் என்ன நடக்கும்

தரவு சேகரிக்க மருத்துவமனை வாசலில் நிற்கும் வேலை இதில் பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் பெரிய தரவுத் தொகுப்பு ஒன்று கையில் கிடைக்கும். முதல் வருடத்தில் பாதி அதைப் புரிந்துகொள்வதிலும் சுத்தம் செய்வதிலும் போகும். ஒரே நோயாளி இரண்டு பதிவு எண்ணில் இருப்பார், வலது இடது மாறியிருக்கும். அப்புறம் போலித் தரவை உருவாக்கிச் சோதிப்பது: உண்மை விடை நமக்கே தெரிந்த தரவைக் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை தயாரித்து, நம் முறை அந்த விடையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது. ஆர் அல்லது பைத்தான் மொழியில் நிரல் எழுதுவது அன்றாடம். கண் டாக்டருடன் மாதத்துக்குச் சில தடவை உட்கார்ந்து, நமக்கு அழகாகத் தெரியும் விடை அவருக்கு ஏன் பயன்படாது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் உண்டு. கடைசியில் மூன்று நான்கு கட்டுரைகளைக் கோத்து ஓர் ஆய்வேடு. என்னைக் கேட்டால், கோட்பாட்டுப் புள்ளியியலில் மட்டுமே ருசி உள்ளவருக்கு இது சரிப்படாது. தரவின் அழுக்கைப் பார்த்து எரிச்சல் வராமல் ஆர்வம் வருபவருக்குத்தான் இந்த வேலை.

எங்கே தேடுவது

பிரிட்டனில் லிவர்பூல் பல்கலைக்கழகம், லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் யூசிஎல் கண் மருத்துவ நிறுவனம், லண்டன் சுகாதார வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் சர்வதேசக் கண் நல மையம் ஆகியவை தெரிந்த பெயர்கள். அங்கே அரசு ஆய்வு மன்றத்தின் குறைந்தபட்ச உதவித்தொகை 2025-26-க்கு வருடம் 20,780 பவுண்டு. விளம்பரத்தைப் படிக்கும்போது ஒரு வரியை விடாமல் பாருங்கள்: உள்நாட்டு மாணவர் கட்டணத்தை மட்டும் ஏற்பார்களா, வெளிநாட்டு மாணவர் கட்டணத்தையுமா? வித்தியாசம் பெரியது, பலர் இடம் கிடைத்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

இந்தியாவில் “கண் புள்ளியியல்” என்று பெயர்ப் பலகை தேடினால் கிடைக்காது. உயிரிப்புள்ளியியல் என்ற பெயரில் தேட வேண்டும். வேலூர் சிஎம்சியில் அதற்கென்று பழமையான துறை இருக்கிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் மூன்றிலும் கண் ஆய்வு பல வருடமாக நடக்கிறது. பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் ஒரு வழிகாட்டி, மருத்துவமனையில் ஒரு கண் டாக்டர் என்று இருவரைச் சேர்த்துக்கொள்வது நடைமுறையில் நல்ல வழி. உதவித்தொகைக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் கணித அறிவியல் தாளை எழுத வேண்டும், புள்ளியியல் அதற்குள்தான் வருகிறது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000.

வழிகாட்டிக்கு முதல் மின்னஞ்சல் எழுதும்போது “உங்கள் துறையில் ஆர்வம் உண்டு” என்று தொடங்காதீர்கள், அவருக்கு அப்படித் தினமும் பத்து வரும். அவருடைய குழு வெளியிட்ட ஒரு கட்டுரையை எடுத்து, அதில் இரண்டு கண்களை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள், வராமல் நின்றவர்களை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் எழுந்த ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். ஐந்து வரி போதும்.